எழுதியவர் கேட்பது என்ன?

பங்குத்தந்தை ஒருவர் தம் மேசையில் அமர்ந்து எழுதுபவற்றுள் மிகுதியானது மறையுரை அன்று, சிபாரிசுக் கடிதமே. கல்லூரியில் இடம், விடுதியில் சேர்க்கை, மருத்துவமனையில் கட்டணச் சலுகை, துணிக்கடையில் வேலை, வாடகைக்கு வீடு என்று ஒவ்வொரு வாரமும் யாரேனும் ஒருவர் வந்து, "சாமி, ஒரு லெட்டர் வேணும்" என்று நிற்பர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய கடிதங்களை எழுதி வருகிறேன். அவற்றைப் பெறுகிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை மட்டும் அண்மையில்தான் ஒருவர் வாயிலாகக் கேட்டறிந்தேன்.

பெரிய நிறுவனம் ஒன்றில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் பங்கில்தான் வசிக்கிறார். ஒருநாள் மாலை பேச்சுவாக்கில் சொன்னார்: "முத்திரையும் கையெழுத்தும் எல்லாக் கடிதத்திலும் ஒன்றுதான், சாமி. 'இவர் என் பங்கைச் சேர்ந்தவர், நல்லொழுக்கம் உடையவர்' என்று மட்டும் இருந்தால், கேட்டார்கள், கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன். 'தகப்பன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தாய் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். பையன் விடியற்காலையில் மாவரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் படிக்கப் போகிறான்' என்று இருந்தால், அந்தச் சாமியார் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறார் என்று தெரியும். அந்தப் பையனைத்தான் கூப்பிடுவேன்." இரண்டு கடிதங்களும் கேட்பது வேலைதான். ஆயினும் முதலாவதில் எழுதியவருடைய நோக்கம், தம்மிடம் வந்தவரை அனுப்பிவைப்பது. இரண்டாவதில், அந்தப் பையனை உள்ளே சேர்ப்பது. இவ்வேறுபாட்டை எந்தச் சொல்லும் அறிவிக்கவில்லை. சொல்லும் முறையே அறிவிக்கிறது.

எங்கள் பங்கில் மேல்நிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் பாடநூலோடு வருவதுண்டு. ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே "ஆசிரியரின் நோக்கம் யாது? தொனி யாது?" என்று கேட்கிறார்கள். நோக்கத்துக்கு அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் விடைகள் மூன்று: செய்தி அறிவித்தல், இணங்கச் செய்தல், மகிழ்வித்தல். தொனிக்கு மகிழ்ச்சி, சினம், இரக்கம், ஏளனம் என்று ஒரு பட்டியல் உண்டு. தேர்வுக்கு இவை போதும், குறை சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண் கிடைத்த பிறகும் இம்மூன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டே ஒரு பிள்ளை வாழ்நாள் முழுதும் படிக்குமாயின், நல்ல எழுத்தில் பாதி அதன் கண்ணில் படாமலே போகும்.

ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற நிகழ்ச்சியை அப்பிள்ளைகளுக்கு நினைவூட்டுவேன். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. தொண்டைமானின் படைக்கொட்டிலில் வேல்கள் எண்ணெய் பூசி, பீலி அணிந்து, அழகாகக் காவலில் இருக்கின்றன என்று ஒளவை போற்றுகிறார். தம் மன்னன் அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒருவனுக்குப் புகழ்ச்சி, மற்றவனுக்கு இகழ்ச்சி. பொருளோ நேர்மாறு: உன் வேல் போரே கண்டதில்லை, எங்கள் வேலுக்கு ஓய்வே இல்லை. யாரிடம், எந்த இடத்தில், யாருக்காகப் பேசப்பட்டது என்பதை அறிந்தவனுக்கே இது விளங்கும். நம் இலக்கணத்தார் இத்தகைய பேச்சுக்கு வஞ்சப் புகழ்ச்சி என்று பெயரிட்டு வைத்தார்கள்.

என் வாழ்வில் நான் மிகுதியும் திரும்பத் திரும்பப் படித்த சிபாரிசுக் கடிதம் ஒன்று உண்டு. அது நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஆனால் பலர் அதைத் திறந்ததில்லை. நம் பெரியோர் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுல், பிலமோன் என்பவருக்கு எழுதியது அது. இருபத்தைந்தே வசனங்கள், கிரேக்க மூலத்தில் 335 சொற்கள். பவுலின் பெயரால் உள்ள திருமுகங்களுள் இதுவே மிகச் சிறியது. பிலமோன் வீடும் வசதியும் உடைய கிறிஸ்தவர். ஒனேசிமு அவருடைய அடிமை. அவன் சிறையிலிருக்கும் பவுலிடம் வந்து சேர்ந்து, அவரால் கிறிஸ்தவனாகி, இப்போது ஒரு கடிதத்தோடு தன் ஆண்டையின் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான்.

இக்கடிதத்தில் மறைக்கோட்பாடு எதுவும் விளக்கப்படவில்லை. அதனாலேயே, பக்தி வளர்ச்சிக்கு உதவாத இது விவிலியத்தில் எதற்கு என்று நான்காம் நூற்றாண்டில் சிலர் கேட்டனர். அவர்களுக்கு மறுமொழி கூறும் பொறுப்பு புனித எரோணிமுசுக்கு நேர்ந்தது. போதிப்பது ஒன்றே திருமுகத்தின் நோக்கம் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். பெட்டி வைத்துப் படிக்கும் வழக்கம் இன்று பள்ளியில் தோன்றியதன்று போலும்!

குருமடத்தில் எங்களுக்கு விவிலியம் கற்பித்த தந்தை ஒருவர், இக்கடிதத்தைப் பற்றி விரிவுரை ஆற்றுவதற்கு முன்பு ஒரு விளையாட்டு நடத்துவார். மாணவர் நால்வரை எழுப்பி, ஒருவரைக் கட்டளையிடும் குரலிலும், ஒருவரைக் கெஞ்சும் குரலிலும், ஒருவரை வேடிக்கைக் குரலிலும், ஒருவரை வெறும் வணிகக் கடிதம் போலவும் முழுக் கடிதத்தையும் உரக்கப் படிக்கச் சொல்வார். கட்டளைக் குரல்காரர் எட்டாம் வசனம் வரை மிடுக்காகச் செல்வார். ஒன்பதாம் வசனத்தில், கட்டளையிட உரிமை இருந்தும் அன்பை முன்னிட்டு வேண்டுவதாகப் பவுல் சொல்லும்போது குரல் தடுமாறிவிடும். கெஞ்சுகிறவர் பத்தொன்பதாம் வசனத்தில் விழுவார். கெஞ்சுகிறவன் எதிராளியின் கடனை நினைவுபடுத்துவதில்லை அல்லவா? வேடிக்கைக் குரல் பன்னிரண்டாம் வசனத்தைத் தாங்காது. வணிகக் குரலுக்கோ நான்காம் வசனமே எமன். "முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எந்தக் குரல் உடையாமல் போகிறதோ, அதுதான் எழுதியவரின் குரல், அதைத் தேடுங்கள்" என்பார் அவர். தொனியைக் கண்டறிவதற்கு இதைவிட நல்ல வழியை நான் இன்றுவரை கண்டதில்லை. வாயைத் திறந்து படிக்க வேண்டும் என்பதே அதிலுள்ள ஒரே சிரமம்.

அவ்வாறு தேடினால் என்ன கிடைக்கிறது? முதலில், கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பிலமோனுக்கு என்கிறோம். ஆனால் முகவரியில் அவரோடு ஆப்பியா என்ற பெண்மணியும், அர்க்கிப்பும், பிலமோனின் வீட்டில் கூடும் சபை முழுவதும் இடம்பெறுகின்றனர். வாழ்த்தும் இறுதி ஆசியும் பன்மையில் அமைகின்றன; இடையில், வேண்டுகோள் முழுதும், ஒருமையில் பிலமோனை மட்டுமே நோக்குகிறது. கிரேக்க மொழியில் இவ்வேறுபாடு பளிச்சென்று தெரியும். தமிழில் "நீங்கள்" என்பது ஒருவருக்குரிய மரியாதையாகவும் பலருக்குரிய பன்மையாகவும் வழங்குவதால், நாம் சற்றுக் கவனித்தே காணவேண்டும். ஆக, ஒருவரிடம் தனியே கேட்கப்படும் உதவி, ஊரார் காது கேட்கக் கேட்கப்படுகிறது. பிலமோன் அதைப் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. ஞாயிறு கூடும் சபையில், அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் "என்ன செய்தீர்?" என்று கண்ணாலேயே கேட்பார்.

அடுத்தது புகழ்ச்சி. இறைமக்களின் உள்ளம் பிலமோனால் இளைப்பாறியது என்று பவுல் மகிழ்கிறார். இவ்விடத்தில் அவர் ஆளும் கிரேக்கச் சொல் வெறும் "இதயம்" அன்று. உள்ளுறுப்புகள், குடல் என்று பொருள்படுவது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அதை அப்படியே குடல் என்று எழுதிவிட்டதால் இக்கால ஆங்கிலேயர்க்கு அது விநோதமாகத் தோன்றும். நமக்குத் தோன்றாது. பெற்ற பிள்ளைக்கு ஒன்றென்றால் "ஈரக்குலை நடுங்குது" என்று சொல்லும் தாய்மார்களுக்கு அந்தச் சொல்லின் வெப்பம் நன்றாகத் தெரியும். ஏழாம் வசனத்தில் ஒருமுறை இச்சொல்லை வைக்கிறார். பன்னிரண்டாம் வசனத்தில் ஒனேசிமுவையே அச்சொல்லால் குறிக்கிறார்: உம்மிடம் அனுப்புவது என் ஈரக்குலையை. இருபதாம் வசனத்தில், என் உள்ளத்தை இளைப்பாறச் செய்யும் என்று மூன்றாம் முறை. பிறருடைய உள்ளத்தைக் குளிரச் செய்வதில் வல்லவர் என்று முன்பே ஊரறியப் புகழப்பட்டவர், இப்போது இல்லை என்று எப்படிச் சொல்வார்? முகமன் என்று நாம் தாண்டிச் செல்லும் வரியில்தான் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

ஒனேசிமுவின் பெயர் பத்தாம் வசனம் வரை வருவதே இல்லை. முதியவன், கைதி என்று தம்மைச் சொல்லிக்கொண்டு, என் பிள்ளைக்காக வேண்டுகிறேன், சிறையில் நான் பெற்ற பிள்ளை என்று சொல்லிச் சென்று, வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக அப்பெயரை வைக்கிறார். பெயரைக் கேட்டதும் பிலமோனின் முகம் சுளித்திருக்கக்கூடும். சுளிப்பதற்குள் சிலேடை ஒன்று வந்துவிடுகிறது. ஒனேசிமு என்றால் பயனுள்ளவன் என்று பொருள். முன்பு உமக்குப் பயனற்றவனாயிருந்த "பயனுள்ளவன்" இப்போது உமக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்கிறார். சிரிக்கத் தொடங்கியவனால் உடனே சினக்க இயலாது என்பதைப் பவுல் அறிந்திருந்தார்.

அவன் ஓடிவந்தவன், திருடியவன் என்று நாம் கேட்டிருக்கிறோம். புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் காலம் முதல் அப்படியே போதிக்கப்பட்டு வந்தது. கடிதத்தைத் திறந்து பார்த்தால், ஓடினான் என்ற சொல் எங்குமே இல்லை. சிறிது காலம் பிரிக்கப்பட்டான் என்றே இருக்கிறது, செயப்பாட்டு வினையில். பிரித்தவர் கடவுளாயிருக்கலாம் என்ற குறிப்போடு. திருடினான் என்றும் இல்லை. தீங்கு ஏதேனும் செய்திருந்தால், கடன் ஏதேனும் இருந்தால், என்றே இருக்கிறது. 1985-ஆம் ஆண்டில் பீட்டர் லாம்பே என்ற ஜெர்மானிய அறிஞர், ஒனேசிமு ஓடிப்போனவன் அல்லன், ஆண்டையோடு பூசல் நேர்ந்தபின் அவருடைய நண்பரைத் தேடிச் சமரசத்துக்கு வந்தவன் என்று எடுத்துக்காட்டினார். இதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆயினும், பவுல் எழுதாததை எழுதியதாகப் பல நூற்றாண்டுகள் படித்துவந்தோம் என்பது மட்டும் உறுதி.

கடன் பற்றிய வரிகள் இன்னும் சுவையானவை. என் பற்றில் எழுதிக்கொள்ளும் என்று கணக்குப் புத்தகச் சொல்லையே கையாள்கிறார். பின்னர் எழுத்தரின் கையிலிருந்து எழுதுகோலை வாங்கி, பவுலாகிய நானே கைப்பட எழுதுகிறேன், நான் தீர்ப்பேன் என்கிறார். ஏறக்குறைய ஒரு புரோநோட்டு! சிறையில் கிடக்கும் கிழவரிடம் என்ன பணம் இருக்கும்? அதே மூச்சில், நீர் எனக்கு உம்மையே கடன்பட்டிருக்கிறீர் என்பதை நான் சொல்லவில்லை என்று சொல்லிவிடுகிறார். சொல்லமாட்டேன் என்று சொல்லிச் சொல்வது நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் கைவந்த கலைதானே. முடிக்கும்போது, கேட்டதற்கு மேலும் செய்வீர் என்று நம்புவதாகக் கூறி, எனக்கு ஒரு அறையை ஆயத்தம் செய்யும் என்கிறார். விருந்தினராக வரப்போகிறவர், வந்ததும் முதலில் யாரை விசாரிப்பார் என்பது பிலமோனுக்குத் தெரியாதா?

இந்தத் தொனியின் அருமை, வேறொரு கடிதத்தை அருகில் வைத்தால் நன்கு விளங்கும். பவுலுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிற்பட்டவர் உரோமைப் பெருமகன் இளைய பிளினி. அவரும், சபினியானுஸ் என்ற நண்பரின் சினத்துக்கு ஆளாகித் தம்மிடம் அடைக்கலம் தேடி வந்த விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவனுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். அவருடைய மடல் தொகுப்பின் ஒன்பதாம் நூலில் அது இருக்கிறது. நல்ல கடிதம், இரக்கமுள்ள கடிதம். அவன் காலில் விழுந்தான், அழுதான், மனம் வருந்துகிறான், நானும் கடுமையாகக் கண்டித்து எச்சரித்துவிட்டேன், அவனது இளமையை எண்ணி மன்னியும், சினம் உம்மையே வருத்தும் என்கிறார். சபினியானுசும் அவனை ஏற்றுக்கொண்டார். நன்றி கூறிப் பிளினி எழுதிய மறுமடலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. நோக்கம் நிறைவேறியது. ஆனால் பவுலின் கடிதத்தில் கண்ணீர் இல்லை, காலில் விழுதல் இல்லை, கண்டித்தேன் என்ற உறுதிமொழி இல்லை. பிளினி பேசுவது ஆண்டையின் சினத்தை ஆற்ற. பவுல், என்னை எப்படி ஏற்றுக்கொள்வீரோ அப்படியே அவனை ஏற்றுக்கொள்ளும் என்கிறார். உரோமைச் சட்டத்தில் அடிமை உடைமைப் பொருள். அந்தப் பொருளை இனி அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக, உலக முறையிலும் ஆண்டவருக்குள்ளும் சகோதரனாக ஏற்கச் சொல்கிறார். விடுதலை செய்யும் என்று வெளிப்படையாக ஒரு சொல் இல்லையே என்பர் சிலர். இல்லைதான். ஆனால் "கேட்டதற்கு மேலும்" என்பதை வேறு எந்தப் பொருளில் பிலமோன் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் வழிபாட்டில் இக்கடிதம் மூன்றாம் ஆண்டுச் சுழற்சியில், பொதுக்காலத்தின் 23-ஆம் ஞாயிறன்று இரண்டாம் வாசகமாக வருகிறது, 2025-இல் வாசித்தோம். அன்று வாசிக்கப்படுவது 9, 10 மற்றும் 12 முதல் 17 வரையுள்ள வசனங்கள். சிலேடை அடங்கிய பதினொன்றாம் வசனம் விடப்பட்டுள்ளது. கடன், கைப்பட எழுதிய உறுதிமொழி, அறை எல்லாம் பதினேழாம் வசனத்துக்குப் பின்னே நின்றுவிடுகின்றன. நேரச் சுருக்கம் கருதிச் செய்தது. திருச்சபையின் ஏற்பாட்டைக் குறைகூற எனக்கு எண்ணமில்லை. ஆயினும் பவுல் புன்னகைக்கும் வரிகள் போய்விட்ட பின், கோவிலில் கேட்பவர்க்கு இது ஒரு கனத்த முகத்தோடு எழுதிய கடிதமாகவே படும். பகுதியை வைத்து முழுமையின் தொனியை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதையே பீடப் பிள்ளைகளிடம் எடுத்துக்காட்டுகிறேன்.

தொனி தவறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உளர். அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை 1829-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்திருந்தது. அம்மாநிலத்தின் லிபர்ட்டி வட்டாரத்தில் சார்ல்ஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற பிரசங்கியார் இருந்தார். பிரஸ்பித்தேரியன் சபையினர், தாமும் அடிமைகளை உடையவர், அவர்களுக்குச் சமயக் கல்வி அளிக்க வேண்டும் என்று உண்மையாகவே பாடுபட்டவர். 1833-இல் ஒருநாள், பெருங்கூட்டமாகக் கூடியிருந்த அடிமைகளுக்குப் பிலமோன் கடிதத்தை எடுத்து விளக்கினார். பணியாளர் உண்மையாகவும் கீழ்ப்படிந்தும் இருக்க வேண்டும், ஓடிப்போவது தவறு, இது பவுலின் போதனை என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து நடந்துவிட்டனர். எஞ்சியவர் முகத்திலும் நிறைவில்லை. கூட்டம் கலைந்த பின் பெரும் சலசலப்பு. அப்படி ஒரு திருமுகம் விவிலியத்திலேயே கிடையாது என்றனர் சிலர். இது நற்செய்தி அன்று என்றனர் சிலர். ஆண்டைகளை மகிழ்விக்கவே இவர் பிரசங்கம் செய்கிறார் என்றனர் வேறு சிலர். இவை அனைத்தையும் எழுதிவைத்தவர் ஜோன்சே. அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அன்பர்களே, அங்கே படித்தவர் யார், படிக்காதவர் யார்? பிரசங்கியாருக்கு நூல் தெரியும். எழுந்து சென்றவர்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாமலிருக்கச் சட்டமே காவல் இருந்தது. ஆனால் பேசுகிறவரின் நோக்கம் என்ன, இச்சொற்களால் நன்மை அடையப்போவது யார் என்பதை அவர்கள் ஒரே அமர்வில் கண்டுகொண்டனர். அப்படி ஒரு திருமுகம் இல்லை என்று அவர்கள் சொன்னது எழுத்தளவில் பிழை. பிரசங்கியார் விரித்துரைத்த அந்தத் திருமுகமோ, ஓடுவது தவறு என்று அடிமைக்குப் போதிக்கும் கடிதமோ, உண்மையிலேயே விவிலியத்தில் இல்லை. அடிமைக்கு எழுதிய கடிதமே அன்று அது, ஆண்டைக்கு எழுதியது. யாரிடம் பேசப்பட்டதோ அவரை விட்டுவிட்டு, யாருக்காகப் பேசப்பட்டதோ அவன் தலையிலேயே அதைச் சுமத்தினால், ஒரு சொல்லையும் மாற்றாமலேயே ஒரு நூலைத் தலைகீழாக்கிவிடலாம். 1850-இல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் வந்தபோதும், பவுலே ஒனேசிமுவைத் திருப்பி அனுப்பினாரே என்று மேடையேறிப் பேசியவர் பலர். பதினாறாம் வசனத்தைக் காட்டி மறுத்தவர்களும் அதே நாட்டில் இருந்தனர்.

கடந்த ஆண்டு அந்த ஞாயிறுக்கு முந்திய வாரம், எங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றில் இக்கடிதத்தை முழுமையாக வாசித்தோம். பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு வீட்டின் முன்கட்டு. கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி நன்றாகவே வாசித்தாள். சிலேடையை விளக்கினேன், சிரித்தார்கள். மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் அம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த லெட்டர யாரு சாமி கொண்டுபோய்க் குடுத்தது?" என்று கேட்டார். ஒனேசிமுவின் கையிலேயே போயிருக்க வேண்டும் என்றேன்.

"அப்ப அவன் வாசல்ல நின்னிருப்பான். அவரு படிச்சு முடிக்கிற வரைக்கும் அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னிருப்பான்."

அவர் வேலை செய்த வீடொன்றில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மோதிரம் காணாமற் போயிற்றாம். அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்போதிருந்த பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். கதவருகே நிற்க வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தார்களாம். மோதிரம் பின்னர் அவ்வீட்டுத் துணி அலமாரியிலேயே அகப்பட்டது. தவறாக நினைத்துவிட்டோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"எங்க சாமி அந்த லெட்டர்ல என்ன எழுதினாருன்னு எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. ஆனா இவரு 'செஞ்சிருந்தா'ன்னு போட்டிருக்காரு பாருங்க. 'செஞ்சான்'னு போடல. எங்களமாதிரி ஆளுங்களுக்கு அந்த ஒரு வார்த்தையிலதான் சாமி எல்லாம் இருக்கு."

பதினெட்டாம் வசனத்தின் அந்த "இருந்தால்" என்பதைப் பற்றி உரைநூல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். பவுல் நாசூக்காகப் பேசுகிறார், வழக்குமன்ற நடையைக் கையாளுகிறார் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கதவருகே நிற்கிறவனுடைய இடத்திலிருந்து அதை எனக்குக் காட்டியவர் இந்த அம்மாதான். அவன் காதில் விழப்போகும் கடிதம் என்று தெரிந்தே எழுதப்பட்ட சொல் அது. அவனை நிற்க வைத்துவிட்டு அவன் குற்றத்தை உறுதிப்படுத்திப் படிக்க ஒரு வாக்கியமும் அதில் கிடையாது.

சிபாரிசுக் கடிதங்களைப் பற்றி எனக்குச் சொன்ன அந்த முதியவரும் அன்று அங்கே இருந்தார். அறை கேட்டாரே, பவுல் போனாரா, பிலமோன் என்ன செய்தார் என்று அவர் வினவினார். பிளினியின் நண்பரைப் போல் பிலமோனுடைய செயலைச் சொல்லும் மறுமடல் எதுவும் நமக்கு வாய்க்கவில்லை என்றேன். "கிழிச்சுப் போட்டிருந்தா நம்ம கைக்கு வந்திருக்காதே" என்றாள் வாசித்த பெண். அதன்பின் கொலோசையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். அத்திருமுகத்தில் அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று கூறும் பகுதியும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் ஏழாம் வசனத்திலிருந்து படித்தாள். கடிதம் கொண்டுவரும் திக்கிக்குவைப் பற்றிய வரியில், மூலத்தில் "உடன் அடிமை" என்று பொருள்படும் சொல் இருக்கிறது. திருத்தூதுப் பணியாளர் தம்மைக் குறிக்க வழங்கிய சொல் அது. ஒன்பதாம் வசனத்தில் அவரோடு வருகிறவராக ஒனேசிமுவின் பெயர் வருகிறது. நம்பிக்கைக்குரியவர், அன்புச் சகோதரர், உங்களுள் ஒருவர் என்ற மூன்று அடைமொழிகள் அவருக்கு உண்டு. அடிமை என்ற சொல் மட்டும் அவர் பெயரருகே இல்லை. அந்த அம்மா அவ்வரியை இன்னொருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.